மாண்புமிகு நோப்லே

நிலம் என்று ஒன்று இருந்தால் அதற்கு மேல் பிரபு என்று ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது பிரான்ஸ் தேசத்துப் பழைய சட்டம். வானம் இல்லாமல்கூடப் பூமி ஒப்பேற்றிவிடலாம். பிரபு இல்லாமல் முடியாது. ஆகவே, வாந்தே சீமையின் குடியானவர்கள் புரட்சி அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பி, அதைப் பாரிஸ் வரை விரட்டிக்கொண்டு போய், அரண்மனையைக் கூட்டிப் பெருக்கி, சிம்மாசனத்தில் மறுபடியும் ஓர் அரசரை உட்கார வைத்த பிறகு, புதிய அரசாங்கம் முதல் வேலையாகக் கேட்ட கேள்வி இதுதான்: எந்தெந்த ஊரில் பிரபு இருக்கிறார், எந்தெந்த ஊரில் இல்லை?

சரித்திரப் புத்தகம் படித்தவர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள். "அந்தக் குடியானவர்கள் தோற்றல்லவா போனார்கள்?" என்பார்கள். வாஸ்தவம். அந்தப் புத்தகத்தில் தோற்றார்கள். இந்தக் கதையில் ஜெயித்தார்கள். எது தேவலை என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வெர்னூ என்ற ஊரில் மக்ஸான் காபோரி என்ற குடியானவன் இருந்தான். ஒரு துண்டு நிலம், ஒற்றை மாடு, பெரின் என்ற மனைவி. இந்த மூன்றில் அவன் சொன்ன பேச்சைக் கேட்பது மாடு ஒன்றுதான். மாட்டின் பெயர் நோப்லே. 'பெரிய மனுஷன்' என்பது போல அர்த்தம் வரும். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் பாதி மாடுகளுக்கு அதுதான் பெயர்.

மக்ஸான் எதற்காகப் புரட்சியை எதிர்த்து அரிவாளைத் தூக்கினான் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மாதா கோயில் மணியை உருக்கியதற்காக என்பார்கள். பிள்ளைகளைச் சீட்டுப் போட்டுப் பட்டாளத்துக்குப் பிடித்ததற்காக என்பார்கள். மக்ஸானைக் கேட்டால் ஒரே வார்த்தைதான் சொல்வான்: "நீ."

குடியரசு அரசாங்கம் ஒரு நல்ல நாளில் சட்டம் போட்டது. சமத்துவம் நாக்கில் தொடங்குகிறபடியால், இனிமேல் எந்தக் குடிமகனும் இன்னொரு குடிமகனை 'நீங்க' என்று அழைக்கக் கூடாது. எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். மீறினால் சிறை. இந்தச் சட்டத்தை வெர்னூ கோயில் கதவில் ஆணி அடித்து மாட்டியவர் ஆணையர் குடிமகன் கோர்தியே. மூவர்ண ரிப்பனும் மூக்குக்கண்ணாடியும் அணிந்து, மேஜைக்குப் பின்னால் பிறந்தவர்போல் உட்கார்ந்திருப்பார்.

ஊரே குமுறியது. பெரின் மட்டும் குமுறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து புருஷனை 'ஏங்க, வாங்க' என்று கூப்பிட்டு அலுத்திருந்தவள், சட்டம் வந்த மறுநாள் காலையிலேயே அதற்குக் கீழ்ப்படிந்தாள்.

"ஏ மக்ஸான்! எழுந்திரு. முட்டைக்கோஸ் கஞ்சி ஆறுது, வந்து குடி."

"என்னடி இது? புருஷன்னு ஒரு மரியாதை வேண்டாம்?"

"எனக்கு இருக்குப்பா மரியாதை. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே, நான் என்ன பண்றது?"

மக்ஸானுக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. அரசர் எப்படியும் திரும்பி வருவார். அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. வரும்போது 'நீங்க' சொல்ல நாக்கு மறந்துவிட்டிருந்தால்? அரிவாளைப் போலத்தானே நாக்கும்? சும்மா வைத்தால் துருப்பிடிக்கும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். சட்டத்தில் 'குடிமகன்' என்றுதான் இருந்தது. மாடு குடிமகன் இல்லை.

அன்றிலிருந்து அவன் மாட்டோடு பழகிய விதத்தைப் பார்க்க வேண்டும். "நல்லா தூங்கினீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா? கொஞ்சம் இப்படித் திரும்புங்க, வயல் அந்தப் பக்கம் இருக்கு." விஷயம் பரவியதும் ஊரில் ராஜவிசுவாசம் உள்ளவர்கள் எல்லாரும் கோயில் பூட்டிக் கிடந்ததால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக முடியாத குறைக்கு மக்ஸானின் கொட்டகைக்கு வந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று, "எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று நோப்லேயை விசாரித்துவிட்டு, மனசு லேசாகிப் போனார்கள். நோப்லே அசைபோட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. இதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. எனக்கும் அப்போது தப்பாகத் தெரியவில்லை.

பிறகுதான் கலகம் மூண்டது, ஜெயித்தது, எல்லாம் நடந்தது. மக்ஸான் பாரிஸ் வரை நடந்து போய்த் திரும்பி வந்தான். திரும்பி வந்தவனைப் பெரின் வாசலில் நின்று பார்த்தாள்.

"வந்துட்டியா?"

மக்ஸான் கோயில் கதவைக் கை காட்டினான். அங்கே புதுச் சட்டம் ஆணி அடிக்கப்பட்டிருந்தது. இனி தன்னைவிட மேலானவர்களை 'நீ' என்று கூப்பிடக் கூடாது. ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் ஆணையர் திருவாளர் தெ கோர்தியே. அதே மூக்குக்கண்ணாடி, ரிப்பன் மட்டும் வெள்ளை, பெயரில் பிரபுக்களுக்கு உள்ளதுபோல் ஒரு 'தெ' கூடியிருந்தது. அரசாங்கம் மாறும், அலுவலகம் மாறுமா? சட்டம் தெரிந்த ஆள் ஊரில் அவர் ஒருவர்தான் என்று அரசரும் அவரையே வைத்துக்கொண்டுவிட்டார்.

"வந்துட்டீங்களா," என்றாள் பெரின், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவாளர் தெ கோர்தியே கோயிலுக்குள் மேஜை போட்டு விசாரணை தொடங்கினார். பிரபுக்களின் பரம்பரைப் பத்திரங்கள் எல்லாம் கலகக் காலத்தில் கோட்டையோடு எரிந்து போயிருந்தன. (கொளுத்தியது யார் என்ற பேச்சை ஜெயித்த ஊரில் யாரும் எடுக்கவில்லை.) பத்திரம் இல்லாமல் பிரபுவை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் தலைநகரத்தில் பெரிய மூளைகள் உட்கார்ந்து 'இடையறா மரியாதை விதி' என்று ஒன்றை இயற்றியிருந்தார்கள். கோர்தியே அதை எழுந்து நின்று வாசித்தார்:

"குடியரசு என்னும் இருண்ட காலம் முழுவதும் எவரொருவர் ஊராரால் இடைவிடாது 'நீங்க' என்று விளிக்கப்பட்டாரோ, அவரே பிரபு. எவரொருவர் ஒரேயொரு முறையேனும் 'நீ' என்ற விளியை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டாரோ, அவர் சமத்துவத்துக்கு உடன்பட்டவர்; ஆகவே பிரபு அல்லர்."

முதலில் எழுந்து வந்தவர் பழைய பிரபு, மார்க்கி தெ வெர்னூ. எட்டுத் தலைமுறையாக அந்த ஊரை ஆண்ட குடும்பம். குடியரசுக் காலத்தில் தலை தப்புவதற்காகச் சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தார்.

"உங்களை... உன்னை... மன்னிக்கணும், இன்னும் முடிவாகல," என்றார் கோர்தியே. "இருண்ட காலத்துல யாராவது 'நீ'ன்னு கூப்பிட்டதுண்டா?"

"'ஏய் வெங்காயம்'னு கூப்பிட்டாங்க. ஆனா மனசுக்குள்ள நான் கடுமையா ஆட்சேபிச்சேன்."

"வாய்விட்டு ஆட்சேபிச்சீங்களா?"

"வாயை விட்டிருந்தா தலை போயிருக்குமே!"

"தலையைக் காப்பாத்திக்கிட்டீங்க, பரம்பரையை விட்டுட்டீங்க. ரெண்டும் வேணும்னா எப்படி? அடுத்து."

அடுத்து, அதற்கடுத்து என்று ஊரே வந்து போனது. யாரும் தேறவில்லை. பாதிரியாரே கரி விற்பவன் வேஷத்தில் ஒளிந்திருந்தவர். அவரை நாய்கூட மதிக்கவில்லை. கோர்தியேவுக்கு வியர்த்தது. பிரபு இல்லாத ஊர் என்று தலைநகரத்துக்கு எழுத முடியுமா? சட்டப்படி அப்படி ஓர் ஊரே கிடையாது. ஊரே கிடையாது என்றால் அதற்கு ஆணையர் எதற்கு?

"சே!" என்று மேஜையைத் தட்டினார். "வாந்தே சீமையாம், வீரமாம்! அவ்வளவு வருஷத்துல ஒருத்தரும் ஒருத்தரையும் மரியாதையாக் கூப்பிடலையா? பயந்தாங்கொள்ளிகளா?"

பெரினுக்குச் சுருக்கென்றது. இந்த 'நீங்க' என்ற வார்த்தை மேல் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை. ஆனால் ஊரை ஒருவன் பயந்தாங்கொள்ளி என்றால் விட்டுவிட முடியுமா?

"யாரைப் பார்த்து பயந்தாங்கொள்ளின்றீங்க? எங்க நோப்லேகிட்ட ஊரே நீங்கன்னுதான் பேசுச்சு. ஒரு நாள் தவறல."

கோர்தியே பேனாவை எடுத்தார். "யாரம்மா அந்த நோப்லே?"

"எங்க கொட்டகையில இருக்காரு."

"குடியரசுக்குப் பயந்து ஒளிஞ்சிருந்தாரா?"

"ஏன் ஒளியணும்? பட்டப்பகல்ல ரோட்டுல நடந்தாரு. நீங்ககூட ஒரு தடவை வழி விட்டு ஒதுங்கினீங்க."

"அப்படியா! குடியரசு அதிகாரி முன்னால தொப்பியைக் கழட்டினாரா?"

"தொப்பி போட்டாத்தானே கழட்ட! கொம்பு இருக்கு, தொப்பி எங்க நிக்கும்?"

கோயிலே சிரித்தது. பாதிரியார் அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டார். கோர்தியே சிரிக்கவில்லை. விதியை மறுபடியும் ஒரு முறை விரலால் தடவிப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "இதுல 'எவரொருவர்'னுதான் போட்டிருக்கு. 'எந்த மனிதர்'னு போடல," என்றார். சிரிப்பு மெல்ல அடங்கியது. "சாட்சிகள் உண்டா?"

ஊர் முழுக்கச் சாட்சி. அத்தனை பேரும் கொட்டகைக்குப் போய் வந்தவர்கள்தானே? இல்லை என்று சொன்னால் ராஜவிசுவாசம் இல்லை என்று ஆகிவிடும். ஒருவர் விடாமல் கையைத் தூக்கினார்கள்.

அன்று சாயங்காலமே நோப்லேயைக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். பாதிக் கூரை எரிந்த பெரிய மண்டபத்தில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் நீலப் பட்டு விரித்தார்கள். மாண்புமிகு நோப்லே தெ வெர்னூ பட்டை ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு வைக்கோலுக்கு மாறினார்.

மக்ஸானுக்கு முதல் இரண்டு நாள் பெருமை தாங்கவில்லை. தன் கொட்டகையிலிருந்து ஒரு பிரபு! மூன்றாம் நாள் வானம் கறுத்தது, வயல் ஞாபகம் வந்தது. நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அடுப்பில் பூனை தூங்கும். ஓடினான் கோட்டைக்கு.

"ஐயா, மாட்டைக் குடுங்க. உழணும்."

"எந்த மாடு?" என்றார் கோர்தியே. அவருடைய மேஜை இப்போது மண்டபத்திலேயே, பிரபுவின் மூச்சுக் காற்று படும் தூரத்தில் இருந்தது.

"இதோ, உங்க முதுகை நக்கிக்கிட்டு இருக்கே, இதுதான்."

"மக்ஸான், வார்த்தையை அளந்து பேசுங்க. பிரபு குலத்துல பிறந்தவங்க கலப்பையைத் தொட்டா குலம் கெட்டுடும். அது சட்டம்."

"பிறந்தது எங்க கொட்டகையிலங்க. நான்தான் காலைப் பிடிச்சு இழுத்தேன்."

"அந்தச் சேவையை அரசாங்கம் மறக்காது."

"அப்ப என் வயலு?"

கோர்தியே இரக்கத்தோடு பார்த்தார். இரக்கம் காட்டுவதற்கு விதி தடை சொல்லவில்லை. "ஒரே ஒரு வழி இருக்கு. இருண்ட காலத்துல எப்பவாவது பிரபுவை யாராவது 'நீ'ன்னு கூப்பிட்டு, அவர் பேசாம இருந்திருந்தா, பிரபுத்துவம் செல்லாது. ஆனா ரெண்டு சாட்சி வேணும். நீங்க சொன்னா செல்லாது, நீங்க சம்பந்தப்பட்டவர்."

மக்ஸானின் முகம் மலர்ந்தது. ஏனென்றால் அப்படி ஒரு சம்பவம் உண்மையிலேயே நடந்திருந்தது. ஒரு நாள் சந்தைப் பாதையில் சேற்றில் நின்றுகொண்டிருந்தபோது நோப்லே அவன் கால்மேல் காலை வைத்துவிட்டது. மரச்செருப்பு இரண்டாகப் பிளந்தது. வலியில் மக்ஸான் அரசரை மறந்தான், ஆண்டவரை மறந்தான், "சனியனே, காலை எடு!" என்று ஊர் கேட்கக் கத்தினான். பக்கத்தில் மரச்செருப்பு செய்கிற தூஸான் நின்றிருந்தான். வெங்காயக் கூடையோடு மார்க்கியும் நின்றிருந்தார். இரண்டு சாட்சி!

தூஸானின் பட்டறைக்குப் போனான். தூஸான் கேட்டுவிட்டு, செருப்புக் குடைகிற உளியைக் கீழே வைத்தான்.

"'சனியனே'ன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. ஆனா 'நீ'ன்னு சொல்லலையே?"

"'காலை எடு'ன்னேனே அண்ணே! எடுங்கன்னா சொன்னேன்?"

"கடைசியில ஒரு 'ங்க' வந்த மாதிரிதான் என் காதுல விழுந்துச்சு."

"அது வலியில நான் முனகினது!"

"முனகலோ என்னவோ, 'ங்க' 'ங்க'தான்." தூஸான் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு மக்ஸான், மனசுல ஒண்ணும் வச்சுக்காத. பழைய பிரபு விளைஞ்சதுல பங்கு எடுத்தாரு. குதிரையில வேட்டைக்கு வந்து பயிரை மிதிச்சாரு. என் பொண்ணு ஆத்துக்குப் போனா நான் பின்னாலயே போக வேண்டியிருந்துச்சு. இந்தப் பிரபு என்ன கேக்குறாரு? வைக்கோலு. ஆயிரம் வருஷத்துல இந்த ஊருக்கு வாய்ச்ச முதல் நல்ல பிரபுவை உன் ஒரு துண்டு நிலத்துக்காக இறக்கச் சொல்றியா?"

மார்க்கியிடம் போனான். அவர் பழைய வெல்வெட் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிரபுவின் அந்தரங்கச் செயலாளர் பதவிக்கு மனுப் போட்டிருக்கிறாராம்.

"பிரபுவாத்தான் இருக்க முடியல. பிரபுவுக்குப் பக்கத்துலயாவது நிக்கலாம்னு பார்த்தா, அதுலயும் மண்ணைப் போடுறியே?" என்று கண் கலங்கினார்.

மக்ஸான் விடவில்லை. ஞாயிறு பூசைக்குப் பிரபுவை அழைத்து வந்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தபோது, நடுக்கோயிலில் எழுந்து நின்று, "டேய் நோப்லே! வாடா வீட்டுக்கு!" என்று கத்தினான். நோப்லே திரும்பிப் பார்த்து இரண்டடி எடுத்து வைத்தது. அதே விநாடியில் ஊர் முழுவதற்கும் இருமல் வந்தது. பாதிரியார் பாட்டை ஆரம்பித்துவிட்டார், அதுவும் நடுவிலிருந்து. பூசை முடிந்து வெளியே வந்தபோது யாரைக் கேட்டாலும், "என்ன சொன்னே? காது கொஞ்சம் அடைச்சிருக்கு," என்றார்கள்.

மறுநாள் மக்ஸானும் பெரினும் தாங்களே கலப்பையில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். இழுத்தார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெரின் இழுத்தாள், மக்ஸான் புலம்பினான்.

"ஜெயிச்சுட்டு வந்தீங்களே, பெரிய வீரரு!" என்றாள் பெரின். "ஒரு வார்த்தைக்காகப் பாரிஸ் வரைக்கும் நடந்தீங்க. இப்ப அந்த வார்த்தையை நுகத்தடியில கட்டி உழுங்க."

"நீதானேடி கோயில்ல வாயைத் திறந்தே?"

"மாட்டை நீங்கன்னு கூப்பிட்டது யாரு? கட்டின பொண்டாட்டியை ஒரு நாள் கூப்பிட்டிருக்கியா?"

'கூப்பிட்டிருக்கீங்களா' என்று அவள் திருத்திக்கொள்ளவில்லை. மக்ஸானும் திருத்தச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. மாலைக்குள் ஓர் உழவுச் சால்கூட நேராக விழவில்லை.

இதற்கிடையில் மாண்புமிகு நோப்லேயின் புகழ் நகரம் வரை போய்விட்டது. அரசர் ஆட்சி என்று ஆன பிறகு, பிரபுக்களைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொள்ளாவிட்டால் நாகரிகம் என்ன ஆவது? நகரத்துச் சீமான்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பிரபு சாப்பிட்டதை உடனே விழுங்கிவிடாமல் வெகுநேரம் மென்றுகொண்டே, பேசுகிறவர்களைத் தாண்டித் தூரத்தில் எதையோ பார்க்கிறார் என்பதைக் கவனித்தார்கள். இதல்லவா பரம்பரை! அந்த மாதமே நகரத்து விருந்துகளில் பேச்சு நின்று மெல்லுதல் வழக்கமாயிற்று. யாராவது கேள்வி கேட்டால் கொஞ்ச நேரம் தாடையை அசைத்துவிட்டுப் பதில் சொல்லாமல் எழுந்து போவதே மேன்மை. சீமாட்டிகள் பொய்முடியை இரண்டு பக்கமும் கூராகத் தூக்கிக் கட்டினார்கள். விசிறி பழசாகி, முதுகுப் பக்கம் ஈ ஓட்டுகிற குஞ்சம் வந்தது. ஒரு வக்கீல் நீதிமன்றத்தில் வாதத்துக்குப் பதிலாக வெறும் பெருமூச்சு விட்டு வழக்கை ஜெயித்தார்.

கோர்தியேயும் சும்மா இருக்கவில்லை. பிரபு பேசமாட்டார். மௌனம் சம்மதம். எனவே ஒரு காகிதத்தை அவர் முன் நீட்டி, "பழைய வழக்கப்படி விளைச்சலில் பங்கு வசூலிக்கலாமா?" என்று கேட்பார். மௌனம். சம்மதம். "ரொட்டி சுட ஊர் அடுப்பைப் பயன்படுத்துகிறவர்களிடம் மாவு எடுக்கலாமா?" மௌனம். "அதைத் தங்கள் சார்பில் அடியேனே வைத்துக்கொள்ளலாமா?" ஒரு தடவை மட்டும் பிரபு 'ம்மா' என்றார். அதை 'மகிழ்ச்சியுடன் சம்மதம்' என்று பதிவு செய்துகொண்டார்கள்.

தூஸான் முகத்தில் சிரிப்பு குறைந்தது. ஆனால் வெர்னூ முழுவதும் வாயடைத்துப் போனது அதற்கடுத்த வாரம்தான். தலைநகரத்திலிருந்து தெளிவுரை வந்திருந்தது: பிரபுவின் ரத்த உறவினர்கள் யாவரும் பிரபு குலத்தவரே. கோர்தியே வீடு வீடாகப் போய்க் கொட்டகைகளில் எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பசு யாரு?"

"நோப்லேக்கு... பிரபுவுக்கு அத்தை முறைங்க."

"அத்தையைக் கயித்துல கட்டி வச்சிருக்கீங்களா! அவிழ்த்து விடுங்க. பால் கறக்குறதா இருந்தா அவங்ககிட்ட முறைப்படி அனுமதி வாங்கணும்."

"எப்படிங்க வாங்குறது?"

"மௌனமா இருந்தா சம்மதம். உதைச்சா இல்ல."

ஒரு சின்ன ஊரில் மாடுகளுக்குள் உறவு விட்டுப் போகுமா? எல்லாம் ஒரே காளையின் வாரிசு. இரண்டு நாளில் வெர்னூவின் அத்தனை மாடுகளும் சீமான் சீமாட்டிகள் ஆகி, பயிருக்குள் இஷ்டம்போல் உலாவின. உழவுக்கு ஒரு மாடு இல்லை. ஆனால் பழைய வழக்கப்படி ஊர் ஆண்கள் பிரபுவின் நிலத்தை இலவசமாக உழுது கொடுத்தாக வேண்டும். மாடு இல்லையென்றால்? கோர்தியே பிரபுவைக் கேட்டார். பிரபு ஆட்சேபிக்கவில்லை. மனிதர்களே இழுத்தார்கள்.

இந்தச் சமயத்தில் மாண்புமிகு நோப்லே சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பட்டு வேண்டாம், வைக்கோல் வேண்டாம், வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிரபுவுக்கு ஏதாவது ஆகி, வாரிசு கேள்வி எழுந்தால், அது வேறு சிக்கல். நோப்லே காளை அல்ல, காயடித்த மாடு. பயந்துபோன கோர்தியே மக்ஸானுக்கு ஆள் அனுப்பினார். மக்ஸான் வந்து கழுத்தைச் சொறிந்துவிட்டு, "சாப்பிடுங்க," என்றான். நோப்லே சாப்பிட்டது. மக்ஸான் இன்னொரு பிடி வைக்கோலை எடுத்து நீட்டினான்.

அன்றே மக்ஸான் பிரபுவின் பள்ளியறைத் தலைமைச் சேவகராக நியமிக்கப்பட்டான். சாணி அள்ளுகிற வேலைதான். ஆனால் வெள்ளிப் பூண் போட்ட மண்வெட்டி கொடுத்தார்கள். ஊர் அவனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றியது.

"சம்பளம் கிடையாது," என்றார் கோர்தியே. "பதவியே சம்பளம். வேற ஏதாவது வேணும்னா பிரபுவைக் கேளுங்க."

மக்ஸான் நோப்லேயைப் பார்த்தான். "என் வயலை உழ ரெண்டு ஆள் அனுப்புறீங்களா?"

மௌனம்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மண் பதமாக இருந்தது. மக்ஸானின் வயலுக்கு வந்து சேர்ந்த இரண்டு ஆட்கள், மரச்செருப்பு செய்கிற தூஸானும் முன்னாள் மார்க்கி தெ வெர்னூவும். செயலாளர் மனு தள்ளுபடியாகிவிட்டதால் மார்க்கியும் இப்போது இலவச உழவுக்கு வர வேண்டிய ஊர் ஆண்களில் ஒருவர். குடியரசு அத்தனை வருஷம் தலைகளை வெட்டியும் ஒரு பிரபுவையும் ஒரு செருப்புக்காரனையும் ஒரே நுகத்தடியில் பூட்ட முடியவில்லை. அரசர் வந்துதான் அது முடிந்தது.

மக்ஸான் கலப்பையைப் பிடித்தான். இருவரும் இழுத்தார்கள். பின்னால் பெரின் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாம் சால் முடிந்து திரும்பும்போது தூஸான் நின்று மூச்சு வாங்கினான்.

"மக்ஸான்... எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வருதுங்க."

"என்ன ஞாபகம்?"

"அன்னைக்குச் சந்தைப் பாதையில நீங்க 'எடு'ன்னுதான் சொன்னீங்க. 'ங்க' இல்லவே இல்ல. வெறும் முனகல்தான்."

"நானும் கேட்டேன்," என்றார் மார்க்கி, வெல்வெட் கிழிந்த தோளைத் தேய்த்துக்கொண்டு. "'சனியனே'ன்னதும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சத்தியம் பண்றேன். ரெண்டு சாட்சி! இப்பவே கோர்தியேகிட்ட போவோம். பிரபு பதவி போயிடும். உங்க மாடு உங்களுக்கு. ஊர் மாடு ஊருக்கு."

"மாவும் மிஞ்சும்," என்றான் தூஸான். "எங்க வீட்ல பிள்ளைங்க ரொட்டியைப் பார்த்து நாளாச்சுங்க."

மக்ஸான் இதைத்தான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கேட்டான். இதற்காகத்தான் நடுக்கோயிலில் கத்தினான். பதில் சொல்ல வாயைத் திறந்தவன், திரும்பிப் பார்த்தான். சால் இரண்டும் நூல் பிடித்ததுபோல் விழுந்திருந்தன. நோப்லே உழுதால் ஓரத்தில் கோணும். நடுவில் புல் கண்டால் நிற்கும். குளிர்காலம் முழுக்க வைக்கோல் போட வேண்டும். இவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பாதி வயல் இன்னும் பாக்கி இருந்தது.

"நல்ல யோசனைதான்," என்றான். "கட்டாயம் போவோம். உழவு முடியட்டும். இப்ப இழுங்க."

மார்க்கியின் முதுகு நிமிர்ந்தது. கண்ணில் நீர் துளிர்த்தது.

"கேட்டீரா தூஸான்? 'இழுங்க'! எத்தனை வருஷமாச்சு, ஊர்க்காரன் ஒருத்தன் வாயால இப்படி ஒரு மரியாதையைக் கேட்டு! இதுக்குத்தானேய்யா அத்தனை பேரும் சண்டை போட்டோம்!"

தூஸானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "ஆமாங்க. என்னதான் இருந்தாலும் மக்ஸான் மரியாதை தெரிஞ்சவரு."

பெரின் ஒரு கை விதையை வீசினாள்.

"மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல," என்றாள். "நீங்க ரெண்டு பேரா இருக்கீங்க. அதனால 'இழுங்க'."

இருவரும் நிமிர்த்திய நெஞ்சைத் தாழ்த்திக்கொண்டார்கள். பிறகு குனிந்து இழுத்தார்கள்.